காத்தவராயன் காது கொடுத்த வீடுகள்

கடப்பாக்கத்துக் காத்தவராயனுக்குக் கடலில் பயம் என்பதே கிடையாது. ஐப்பசியில் அலை ஆளுயரம் எழும்பி அடிக்கும்போது மற்றவர்கள் கரையில் குந்தி பீடி பிடிப்பார்கள். அவன் மட்டும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போவான். ஒருமுறை ஒரு சுறா அவன் துடுப்பில் பாதியைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, சுறாவின் தாயாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியபடியே, துடுப்புப் போட்டுக் கரை வந்து சேர்ந்தான்.

ஆனால் பேய் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அந்த ஆறடி உடம்பு சுருங்கிப் பெண்டாட்டியின் முந்தானைக்குப் பின்னால் போய்விடும். சின்ன வயதில் யார் யாரோ சொன்ன பூச்சாண்டிக் கதைகள் அவனோடு சேர்ந்து வளர்ந்து, அவனைவிடப் பெரிதாகிவிட்டிருந்தன.

அவன் பெண்டாட்டி செங்கம்மாள் அதற்கு நேர் எதிர். கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு செய்யூர், மதுராந்தகம் சந்தைகளுக்குத் தனியாகப் போய்வருகிறவள். அவள் வாய்க்குப் பயந்து சந்தைக் காக்கைகள்கூட அடுத்த கூடையில்தான் இறங்கும். "பேயா? வரட்டுமே. கூடைய தூக்க ஆளில்லாம நானே பேஜாராயி கீறேன்" என்பாள்.

1953-ம் வருஷம் பங்குனி மாதத்தில் அவள் புருஷனை ஒரு வார்த்தை கேட்காமல் வீடு வாங்கிவிட்டாள்.

அதுவும் எந்த வீடு! இடிந்த கோட்டைக்குப் போகிற வழியில், கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற சுலைமான் சாயபுவின் மாடி வீடு. சாயபு உப்பும் அரிசியும் விற்றவர். வியாபாரம் செங்கல்பட்டுக்கு நகர்ந்ததும் குடும்பத்தையும் நகர்த்திக்கொண்டு போகத் தயாராகிவிட்டார். வீட்டுக்கு நூறு வயசு இருக்கும். சுண்ணாம்புக் காரை, பர்மாத் தேக்கு உத்தரம், மாடிக்குப் போக மரப்படி. இவ்வளவு இருந்தும் ஊரில் ஒருவரும் அதை விலைக்குக் கேட்கவில்லை. காரணம், கட்டைக்கால் துரை.

முன்னொரு காலத்தில் கோட்டைச் சண்டையில் ஒரு காலை இழந்த வெள்ளைக்காரத் துரை ஒருவன், கட்டைக்கால் மாட்டிக்கொண்டு இந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தானாம். செத்த பிறகும், சூரியன் விழுந்ததும் மாடியில் உலாத்துகிறானாம். டக். டக். டக். துரை பிரெஞ்சுக்காரனா, இங்கிலீஷ்காரனா என்பதில் மட்டும் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. கோட்டை இடிந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தானே இந்த வீடே கட்டினார்கள், துரை எங்கே தங்கினான் என்று மெனக்கெட்டு யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

சாயபு யோக்கியமான மனிதர். பேச்சு முடிகிற நேரத்தில் செங்கம்மாளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"மறச்சு விக்கிற பழக்கம் எனக்கில்ல செங்கம்மா. வூட்ல சத்தம் கீது. எங்க வூட்டம்மா அதுக்கு பயந்துதான் செங்கல்பட்டு போயே ஆவணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு."

"ஒத்தக்கால்ல நின்னது உங்க வூட்டம்மாவா, தொரையா?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

குடிபோன அன்று சாயங்காலம் காத்தவராயன் கூடத்து நடுவில், நாலு சுவருக்கும் சம தூரத்தில் உட்கார்ந்திருந்தான். செங்கம்மாள் மாடியில் கருவாட்டுப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்கி வந்து, அடுப்பங்கரைக்குள் போனாள். சூரியன் இறங்கியது. தலைக்கு மேலே டக் என்றது. காத்தவராயன் மூச்சை நிறுத்தினான். இன்னொரு டக். அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். ஆளே இல்லாத மரப்படியில் கிறீச் என்று ஒரு சத்தம். சற்றுக் கழித்து அதற்கடுத்த படியில் ஒரு கிறீச். அப்புறம் இன்னொன்று. யாரோ நிதானமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிற மாதிரி.

கடைசிப் படி கத்துவதற்குள் காத்தவராயன் பாயோடு கடற்கரையில் இருந்தான்.

அன்றிலிருந்து மூன்று மாதம் அவன் ஜாகை கட்டுமரத்துக்குப் பக்கத்தில்தான். அவனோடு கடலுக்குப் போகிற தணிகைவேல் தினமும் காலையில் வந்து விசாரிப்பான்: "இன்னா அண்ணாத்த, தொர உன்ன காலி பண்ணச் சொல்லிட்டாரா, நீயா வந்துட்டியா?" செங்கம்மாள் நாலு நாள் கடற்கரைக்குச் சோறு கொண்டுவந்தாள். ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டாள். "சோறு வூட்ல கீது. வந்து துன்னு. லேட்டாச்சுன்னா தொரைக்குப் போட்டது போக மீதிதான்."

காத்தவராயனும் சும்மா இருக்கவில்லை. செய்யூர்ப் பக்கத்தில் பேர் வாங்கிய மந்திரவாதி திருவேங்கடத்தைக் கையோடு கூட்டிவந்தான். திருவேங்கடம் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கறுப்புக் கோழி ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்பது, சாராயம் ஒரு புட்டி என்று பட்டியல் போட்டான்.

"சாராயமா?" என்றாள் செங்கம்மாள். "ஊரெல்லாம் மதுவிலக்கு போட்டு வச்சிகீறான். போலீசு வந்தா இன்னா சொல்றது?"

"கவுருமெண்டு உத்தரவு உசுரோட கீறவங்களுக்குதாம்மா. செத்தவங்களுக்குச் செல்லாது."

சாராயம் எங்கிருந்தோ வந்தது. துரைக்குக் கொடுப்பதற்கு முன்னால் சரக்கு நயமானதுதானா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு திருவேங்கடத்துக்கு இருந்தது. பாதிப் புட்டிவரை பார்த்தான். பிறகு கோழியும் கையுமாகத் தம் தம் என்று மரப்படி அதிர மாடியேறி, வட்டம் போட்டு உட்கார்ந்தான். செங்கம்மாளும் காத்தவராயனும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். சூரியன் விழுந்தது. டக் என்றது. "வா! வெளிய வா!" என்று திருவேங்கடம் அதட்டினான். டக். "வாடா, நேருக்கு நேர் வா!"

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத மரப்படி ஒவ்வொன்றாகக் கிறீச்சிட ஆரம்பித்தது. கூப்பிட்டவுடன் வந்துவிடும் என்று திருவேங்கடம் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரே குதி. கீழே நெத்திலி காய்ந்துகொண்டிருந்த மணல்மேட்டில் விழுந்து, எழுந்து, தலைமுடியெல்லாம் நெத்திலியோடு செய்யூர்ச் சாலையைப் பார்க்க ஓடினான். கோழி அன்றைக்கே குழம்பாயிற்று. மீதிச் சாராயம் எங்கே போயிற்று என்று செங்கம்மாள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

காத்தவராயனுக்கு விஷயம் விளங்கியது ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம். விளங்க வைக்க யாரும் வரவில்லை, தானாக விளங்கியது.

கட்டுமரம் என்பது பெயருக்குத் தக்கபடி கட்டிய மரம்தான். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுக் காய வைக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் குடித்துக் குடித்து உப்பிப்போய், மிதக்கிறதா முழுகுகிறதா என்றே தெரியாமல் கிடக்கும். அன்று அவன் அப்படிக் காயப்போட்ட கட்டையில் சாய்ந்து, தலையையும் அதன்மேல் வைத்துப் படுத்திருந்தான். பகலெல்லாம் கொளுத்திய வெயில் இறங்கி, கடற்காற்று சில்லென்று வீசத் தொடங்கியது. காதுக்கு அடியில் டக் என்றது.

அலறி எழுந்து பத்தடி ஓடிவிட்டான். ஓடியவன் நின்றான். அவனுக்குத் தெரியாத கட்டையா அது? அவனும் தணிகைவேலும் வாங்கிவந்து, அவனே உளி பிடித்துச் செதுக்கியது. தண்ணீர் குடித்தால் ஊதும், வெயிலில் காய்ந்தால் இளைக்கும், இளைக்கும்போது முனகும், சில சமயம் வெடிக்கும். இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம். கடற்கரையில் கேட்டதால் அது கட்டையின் சத்தம். கூரைக்குக் கீழே கேட்டதால் துரையின் சத்தம்.

"அடத்தூ" என்று தன்னைத்தானே துப்பிக்கொண்டு பாயைச் சுருட்டினான்.

மறுநாள் வெயில் சாயும்போது ஏணியைப் போட்டு ஏறி, கூடத்து உத்தரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். அடைகாக்கிற கோழியின் வயிறு மாதிரி அது வெதுவெதுப்பாக இருந்தது. மாடித் தளம் பகல் முழுக்கக் குடித்த சூடு. கீழே செங்கம்மாள் கருவாட்டுக்கு வாளை மீன் அரிந்தபடி, இவன் எப்போது குதிப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு இறங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது, கையை எடுக்கவில்லை. டக்! கைக்குள்ளேயே அதிர்ந்தது. விரலில் சொடக்கெடுத்த மாதிரி ஒரு சின்ன அதிர்ச்சி, அவ்வளவுதான்.

"மரம் செங்கம்மா! மரம் சொடக்கு எடுக்குது!"

"அத எறங்கி வந்து சொல்லு. ஏணி ஆடுது."

பிறகு அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே செங்கம்மாள் நினைத்தாள். மரப்படியில் அவளை ஏறச் சொன்னான், இறங்கச் சொன்னான், மறுபடி ஏறச் சொன்னான். அவன் கீழே குந்திக்கொண்டு ஒவ்வொரு பலகையாகக் காது வைத்துக் கேட்டான்.

"நீ மிதிச்சா பலக குழியுது. நீ போனப்புறம் மெதுமெதுவா நிமிருது. நிமிரும்போதுதான் கத்துது. அன்னிக்கு எறங்கி வந்தது தொர இல்ல. நீ ஏறி எறங்கினதுக்கு படி அப்புறமா மூச்சு வுட்டுச்சு."

"அப்ப நான் குண்டுன்ற?"

"நான் பலகைய சொன்னேன்."

தெற்கத்திக் காற்றடிக்கும் நாட்களில் வீடு ஊளையிடும். அதையும் தேடிப் பிடித்தான். மாடித் தண்ணீர் இறங்குகிற மண்குழாய் ஒன்று கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. காலிப் பானை வாயில் ஊதினால் வருகிற சத்தம்தான். தேங்காய் மட்டையை அடைத்தான்; நின்றுவிட்டது. பின்கதவுக் கீல் அழுதது. அதற்குச் சுறா ஈரல் எண்ணெய் போட்டான். கீல் வாயை மூடிக்கொண்டது. ஆனால் நாற்றத்தில் வீட்டில் ஒருமாதம் யாரும் மூக்கைத் திறக்க முடியவில்லை. "தொரையே தேவலாம்யா" என்றாள் செங்கம்மாள்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி பரவியது. மரம் சூட்டில் விரிகிறது, குளிரில் சுருங்குகிறது என்று அவன் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தான். அதைக் கேட்க யாருக்கு ஆசை? காத்தவராயன் ஏணியில் ஏறித் துரையின் கட்டைக்காலைப் பிடித்து இழுத்துக் கழிமுகத்தில் எறிந்துவிட்டான் என்று தணிகைவேல் சொன்ன கதைதான் செய்யூர், மதுராந்தகம் தாண்டிப் போயிற்று.

அது செங்கல்பட்டையும் எட்டியது. 1955 தை மாதத்தில் சுலைமான் சாயபு மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

"நீ தொரத்தின பேயி எங்க பூட்ச்சு தெரியுமா காத்தவராயா? நேரா பஸ் ஏறி எங்க வூட்டுக்கு வந்துகீது. எங்க வூட்டம்மா சொல்லிட்டாங்க, அவன் பேய அவனே வந்து இட்டுகினு போவட்டும்னு. ஞாயித்துக்கெழம மவளுக்கு நிக்காஹு. வா, கெளம்பு!"

காத்தவராயன் முதல் தடவையாகப் பஸ்ஸில் செங்கல்பட்டு போனான். வழி முழுக்க பஸ்ஸின் ஒவ்வோர் ஆணியும் தனித்தனியாகக் கத்தியது. அவனுக்கு அது ஒன்றும் பயமாயில்லை. அதற்குத்தான் டிரைவர் இருக்கிறாரே.

சாயபுவின் வீடு ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருந்தது. அதுவும் பழைய மாடி வீடு; வாங்கி இரண்டு வருஷம்தான். வெள்ளையடித்து, தோரணம் கட்டி, சொந்தபந்தம் நிறைந்திருந்தது. சாயபுவின் மனைவி ஷாஜாதி திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"தெனம் பொழுது சாஞ்சு மக்ரிபு பாங்கு சொல்லி முடிஞ்சதும் தட்டுதுங்க. எண்ணி ஆறு தடவ. கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல. கல்யாணத்தன்னிக்கு பொம்பளைங்கள மேல மாடியிலதான் ஒக்கார வைக்கணும். சம்பந்தி வூட்டுக்காரங்க கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

பக்கத்தில் அவள் தம்பி முனீர் நின்றிருந்தான். தலையில் அரைச் சீசா எண்ணெய், கையில் கடிகாரம். அவனுக்குச் சொந்தமாக ஒரு ரேடியோ இருந்தது. மாடியில் மேஜை போட்டு, பூப்போட்ட துணி மூடி வைத்திருந்த அதை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. "மீன் புடிக்கிற ஆளு பேயி புடிக்க வந்துகீறாரா? தூண்டில் எடுத்தாந்தியா நைனா?" என்றான்.

காத்தவராயன் கீழ்க் கூடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டான். கல்யாண வீட்டுக் கூட்டம் சுற்றி நின்று, செத்தவனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தது. பாங்கு முடிந்தது. டக். அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, முனீர் சிரித்தான். பிறகு இரண்டு, மூன்று என்று ஆறும் வந்து நின்றது. அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, வெயிலையும் மரத்தையும் பற்றி நிதானமாகச் சொன்னான். சாயபுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டுகினியா ஷாஜாதி? பேயும் இல்ல, பிசாசும் இல்ல!" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சாப்பிடப் புறப்பட்டார்கள்.

காத்தவராயன் மட்டும் நகரவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.

"பாய், உத்தரம் ஏழு கீது."

"இருக்கட்டுமே."

"சத்தம் ஆறுதான் வந்துது. ஒண்ணு ஏன் பேசல?"

"ஆறு தட்டினாலும் குத்தம், தட்டலன்னாலும் குத்தமா?" என்றான் முனீர்.

ஏணி வந்தது. காத்தவராயன் ஏறி, ஒவ்வோர் உத்தரமாக விரல் முட்டியால் தட்டினான். நாலு உத்தரங்கள் கணீரென்று பதில் சொல்லின. ஐந்தாவது, பூசணிக்காயைத் தட்டினால் வருவது போல, பொத் என்றது. சாயம் மட்டும் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருந்தது. இடுப்பிலிருந்து மீன் அரிகிற கத்தியை எடுத்தான்.

"யோவ், பெயிண்டு கெட்டுடும்யா!" என்று முனீர் ஏணிக்கு அடியில் ஓடிவந்து கத்தினான்.

கத்தி, பிடிவரைக்கும், எந்தச் சிரமமும் இல்லாமல் உள்ளே போயிற்று. இழுத்தபோது மரத்தூளும் கரையானும் பொலபொலவென்று முனீரின் எண்ணெய்த் தலையில் கொட்டின.

சாயபு மெதுவாக முனீரின் பக்கம் திரும்பினார். வீடு வாங்கிய புதிதில் ஓர் உத்தரத்தை மாற்ற வேண்டியிருந்தது. மேற்பார்வை பார்க்க முனீரைத்தான் வைத்திருந்தார்கள். தேக்கு என்று சொல்லித் தச்சன் மாங்கட்டையை ஏற்றிச் சாயம் பூசிவிட்டுப் போன வாரத்தில், மேற்பார்வை சினிமாக் கொட்டகையில் இருந்திருக்கிறது. மற்ற ஆறும் உள்ளே கெட்டியாக இருந்ததால் சூட்டுக்கும் குளிருக்கும் பேசின. இது உள்ளே பஞ்சாகிப்போய், மேலே இருந்த தளம் ஏதோ பழக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

திரை விலகியது. ஷாஜாதி முக்காட்டை இழுத்துக்கொண்டு தானே வெளியே வந்துவிட்டாள். "ஞாயித்துக்கெழம மேல அறுவது பொம்பளைங்க ஒக்காருவாங்க. கொழந்த குட்டிங்களோட" என்றாள்.

அன்றைக்கே கூடத்தையும் மாடியையும் காலி செய்து கதவைப் பூட்டினார்கள். தெருவை அடைத்துப் பந்தல் போட ஏற்பாடாயிற்று; பெண்களுக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் இடம் ஆயிற்று. எல்லாச் சாமானும் இறங்கியது, முனீரின் ரேடியோ தவிர. "இந்த ஆளு பேச்ச கேட்டுகினு நான் என் ரேடியோவ தெருவுல வெக்கறதா? அது இருக்கற எடத்துலயே இருக்கும். ஒண்ணும் ஆவாது" என்று சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

ஊருக்குக் கிளம்பிய காத்தவராயனைச் சாயபு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து, பந்தலில் பிரியாணிப் பந்தி உட்கார்ந்திருந்தது. காத்தவராயன் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலாவது ஆளாக உட்கார்ந்து, சொன்ன வார்த்தை பொய்யாகிவிட்டால் எந்த மூஞ்சியோடு பஸ் ஏறுவது என்ற கவலையில் சரியாகச் சாப்பிட முடியாமல் இருந்தான். அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி ஒன்று தெருவே அதிரப் போயிற்று. வண்டியின் கடைசிப் பெட்டி தாண்டியதும், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து முதலில் ஒரு பெருமூச்சு, அப்புறம் இடி. ஜன்னல்கள் வழியே சுண்ணாம்புப் புழுதி புகையாக வந்து பிரியாணிமேல் படிந்தது.

உள்ளே ஒரு ஜீவன் இல்லை. ரேடியோ ஒன்றுதான். அது பாடிக்கொண்டே விழுந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அது பொய், அன்று காலையிலிருந்து அந்தத் தெருவில் கரண்டே இல்லை.

பக்கத்து வீட்டு முற்றத்தில் கல்யாணப் பெண் உம்மு சல்மா, காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இருந்தவள், "ஐயோ, மாமா ரேடியோ!" என்று கத்திவிட்டு, முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரி சிரியென்று சிரித்தாளாம். அந்த ரேடியோவைத் தொட்டதற்காகச் சின்னதில் அவள் வாங்கிய குட்டுகள் கொஞ்சமல்ல.

காத்தவராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் சொல் பலித்ததில் சந்தோஷமும் வரவில்லை. முந்தாநாள் அந்தக் கூடத்தில் எத்தனை குழந்தைகள் பாய் விரித்துப் படுத்திருந்தன என்பதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்த் தெரு ஓரத்தில் குந்திவிட்டான். சாயபு வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அத்தர் வாசனையும் மீன் வாசனையும் கலந்ததில் இரண்டு பேருமே ஒரு தடவை தும்மினார்கள். ஷாஜாதி புதிதாக ஒரு தட்டு நிறையச் சோறு அனுப்பி, "அண்ணன் இத துன்னாம பஸ் ஏறக் கூடாதுன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு காத்தவராயனுக்குக் கடலுக்குப் போக நேரம் கிடைப்பது குறைந்துவிட்டது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து செய்யூர்வரைக்கும் எந்த வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் ஆள் வரும். சோறு போட்டால் போதும், போய் மல்லாந்து படுத்துக் காது கொடுப்பான். ஒரு வீட்டுப் பரணில் மரநாய் குட்டி போட்டிருந்தது. இன்னொரு வீட்டுப் பரணில் மாமனாருக்குத் தெரியாமல் மருமகன் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரும்பாலும் வெயிலும் மரமும்தான். இத்தனைக்கும் அவன் பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எந்த வீடானாலும் முதல் சத்தத்துக்கு அவனுக்குத் தூக்கிவாரிப்போடும். அதற்கப்புறம்தான் மரம் ஞாபகத்துக்கு வரும்.

1957-ல் திருவிடந்தையிலிருந்து ஆள் வந்தது. அனுப்பியது சரோஜா. காத்தவராயனின் பெரியப்பா மகள் ஆதியம்மாளின் ஒரே பெண். கால்வாயில் உப்பு ஏற்றிப் போன தோணியில் இடம் பிடித்துப் போய்ச் சேர்ந்தான்.

ஆதியம்மாளின் புருஷன் செத்து இரண்டு வருஷமாகிறது. இருந்த காலத்தில் மதுவிலக்கு ஒரு நாளும் அவரை விலக்கியதில்லை. தினம் பொழுது சாய்ந்ததும் குடித்துவிட்டு வந்து, பின்கதவை உதைத்து, சோறு கேட்டு, சோறு போட்டவளையும் உதைப்பார். ஆதியம்மாள் இருபத்தாறு வருஷம் வாயே திறந்ததில்லை.

"இப்பவும் சாயங்காலம் ஆனா அதே கதவு அதேபோல இடிக்குது மாமா" என்று சரோஜா சொன்னாள். "அம்மா அப்பாதான்னுது. எனக்கு பயமா கீது. நீங்க பாத்து நிறுத்துங்க."

காத்தவராயன் பின்பக்கம் போய்ப் பார்த்தான். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நிலை தளர்ந்திருந்தது, கதவுப் பலகை உப்புக் காற்றில் ஊறி வளைந்திருந்தது. பொழுது சாயும்போது காற்று திசை மாறி அடித்தால் கதவு நிலையில் மோதி மோதி விழும். ஒரு சின்ன ஆப்பு வைத்தால் ஜென்மத்துக்கும் வாய் திறக்காது. பனைமட்டைத் துண்டு ஒன்றை எடுத்துச் சீவத் தொடங்கினான். சீவி முடிக்கும்போது சூரியன் விழுந்தது. தட். தட். தட்.

உள்ளே படுத்திருந்த ஆதியம்மாள் எழுந்தாள். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வந்துட்டியா நாறப்பயலே! சோறா வோணும் உனுக்கு? அன்னிக்கு தீபாவளிக்கு என் கம்மல வித்து குடிச்சியே, அப்ப தெரியலையா சோறு? மாசமா இருந்தவள எட்டி உதச்சியே, அந்த காலு இப்ப எங்கடா? ஒதடா பாப்போம்!"

தட், என்றது கதவு.

"அவ்ளோதானா உன் பலம்? த்தூ!"

அரை மணி நேரம். ஒரு வார்த்தை இரண்டாம் தடவை வரவில்லை. கடைசியில் காற்று ஓய்ந்து கதவு அடங்கியதும், "போ, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். முகம் குளித்துவிட்டு வந்த மாதிரி தெளிந்திருந்தது. உட்கார்ந்து தம்பிக்கு மீன் குழம்பு ஊற்றினாள்.

"ரெண்டு வருசமா திட்டிகினு கீறேன்டா தம்பி. இன்னும் பாதிகூட தாண்டல. நீ பெரிய ஆளாமே, நீ சொல்லு. அந்தாளுதானே அது?"

காத்தவராயனின் கையில் ஆப்பு இருந்தது. சரோஜா வாசற்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆப்பைத் தொடைக்கு அடியில் தள்ளினான்.

"மாமாவேதான் அக்கா. சந்தேகமே இல்ல."

"தெரியும். எப்ப போவான்?"

"நீ திட்டி முடிக்கிற வரைக்கும் போவ மாட்டாரு."

"அப்ப செரி" என்று ஆதியம்மாள் திருப்தியோடு இன்னொரு துண்டு மீன் போட்டாள்.

மறுநாள் காலை தோணிக்குப் புறப்பட்டபோது சரோஜா பின்னாலேயே வந்தாள். "இன்னா மாமா, ஊருக்கெல்லாம் மரம், காத்துன்னு சொல்லிட்டு எங்கம்மாகிட்ட மட்டும் பேயின்னு சொல்லிட்டு போறீங்க?"

"மரம்தான், காத்துதான். இந்தா" என்று ஆப்பை அவள் கையில் வைத்தான். "நிலைக்கும் கதவுக்கும் நடுவால சொருவினா சத்தம் நின்னுடும். பயப்படாத. ஆனா உங்கம்மா போதும்னு சொல்ற அன்னிக்கு சொருவு."

அடுத்த மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்தவன், அப்படியே திருவிடந்தைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்தான். ஆப்பு ஆட்டுக்கல்லுக்கு முட்டுக் கொடுத்தபடி கிடந்தது. பின்கட்டிலிருந்து அக்காவின் குரல் தெருமுனைவரை கேட்டது. அன்றைக்குத் திட்டில், செத்துப்போன புருஷனின் தங்கச்சி கல்யாணம்வரை வந்திருந்தாள்.